ஆபீஸ் சர்வருக்கு ஆப்ஆர்மர்: தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

கல்மண்டபம், ராயபுரம் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸோ லாரி டிரான்ஸ்போர்ட்டோ நடத்துகிறீர்களா? பில், கன்டெய்னர் விவரம், கஸ்டமர் கணக்கு எல்லாம் ஒரே உபுண்டு சர்வரில் இருக்கிறதா? இது உங்களுக்கும், அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும்தான். 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் குழுமத்தைத் தாக்கியபோது, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையத்திலும் வேலை நின்றது. அது பரவியது விண்டோஸ் கணினிகளில். ஆனால் ஓர் இடத்தில் புகுந்தது மற்ற இடங்களுக்கும் போக முடிந்ததுதான் சேதம் பெருகக் காரணம். லினக்ஸ் சர்வருக்குள் அந்த வழியைக் குறுக்கும் வேலையை ஆப்ஆர்மர் செய்கிறது.

அடிப்படை

சாதாரண லினக்ஸில் ஃபைலின் சொந்தக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி தரலாம்; ரூட்டுக்கு அநேகமாகத் தடையே இல்லை. ஆப்ஆர்மர் போன்றவை தரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதை மாற்றுகிறது. எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று நீங்கள் எழுதியதை கெர்னலே அமல்படுத்தும். அந்த ப்ராசஸ் ரூட்டாக ஓடினாலும் விதி விதிதான். துறைமுகத்தில் ஒரு யார்டுக்கு மட்டும் பாஸ் எழுதிய லாரி, ஓட்டுபவர் யாராக இருந்தாலும், அடுத்த யார்டுக்குள் போக முடியாதல்லவா?

எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டி வேலை செய்கிறது; ரெட் ஹேட் குடும்பத்தில் அதுதான் வழக்கம். ஆப்ஆர்மர் ஃபைல் இருக்கும் பாதையைப் பார்க்கிறது. 2010-இல் கெர்னலில் சேர்ந்த இது, உபுண்டுவிலும் 10-ஆம் பதிப்பு முதல் டெபியனிலும் தானாகவே இயங்கும். புதியவர்கள் ஆப்ஆர்மரில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விதியைப் படித்தாலே புரியும்.

படி 1: இப்போதைய நிலை

ஏஏ-ஸ்டேட்டஸ் கமாண்டை ரூட்டாக ஓட்டுங்கள். ப்ரொஃபைல்களை, அதாவது ஒவ்வொரு புரோகிராமுக்கும் எழுதிய விதித் தொகுப்புகளை, அமலில் உள்ளவை, தடுக்காமல் புகார் மட்டும் செய்பவை எனப் பிரித்துக் காட்டும். ப்ரொஃபைல் இருந்தும் கட்டுக்குள் வராத ப்ராசஸ் ஏதாவது தெரிந்தால், அது ப்ரொஃபைல் ஏற்றப்படும் முன்பே தொடங்கியது. ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 2: மைஎஸ்க்யூஎல்லில் கை பழகுங்கள்

உபுண்டுவின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு ப்ரொஃபைல் கூடவே வருகிறது. டிஸ்க் நிறைந்ததும் டேட்டாவைப் புது டிஸ்குக்கு மாற்றுகிறீர்கள். ஓனர் பெயர் சரி, அனுமதி சரி, ஆனாலும் மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்காது. லாக்கில் ஆப்ஆர்மர் 'டினைடு' என்ற வரியும், தடுக்கப்பட்ட பாதையும் இருக்கும். இந்த இடத்தில்தான் ஆப்ஆர்மரையே நிறுத்திவிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். ஆப்ஆர்மர் கோப்புறைக்குள் உள்ள 'லோக்கல்' என்ற கோப்புறையில், மைஎஸ்க்யூஎல்லுக்கான ஃபைலைத் திறந்து இரண்டு வரி சேருங்கள்: புதுப் பாதையைப் படிக்க ஒன்று, இரட்டை நட்சத்திரக் குறியுடன் அதன் கீழுள்ள எல்லாவற்றையும் படிக்க, எழுத, லாக் செய்ய இன்னொன்று. ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி கட்டாயம். பிறகு ப்ரொஃபைலை ரீலோட் செய்யுங்கள்.

படி 3: உங்கள் சொந்த புரோகிராமுக்கு

ஆப்ஆர்மர்-யுடில்ஸ் தொகுப்பை நிறுவி, ஏஏ-ஜென்ப்ராஃப் கமாண்டுடன் புரோகிராமின் பாதையைக் கொடுங்கள். இன்னொரு ஜன்னலில் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள்: பில் போடுங்கள், ஸ்கேன் ஏற்றுங்கள், ரிப்போர்ட் எடுங்கள். அது கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் படித்தே பதில் சொல்லுங்கள். வெப் புரோகிராம் ஷெல்லை ஓட்ட அனுமதி கேட்டால், ஏன் என்று தெரியும்வரை மறுத்துவிடுங்கள். புகுந்தவர்கள் முதலில் தேடுவது ஷெல்லைத்தான்.

படி 4: காத்திருங்கள்

புது ப்ரொஃபைலை ஏஏ-கம்ப்ளெய்ன் கமாண்டால் புகார் மட்டும் செய்யும் நிலைக்கு மாற்றி, ஒரு முழு மாதக் கணக்கு முடியும்வரை விடுங்கள். மாதக் கடைசி பேக்கப், லாக் மாற்றம், சான்றிதழ் புதுப்பிப்பு எல்லாம் அரிதாக நடப்பவை. அவசரப்பட்டால் அன்றைக்கு நின்றுவிடும். விட்டுப்போனதை ஏஏ-லாக்ப்ராஃப் கொண்டு சேர்த்து, கடைசியில் ஏஏ-என்ஃபோர்ஸ் கமாண்டால் அமலாக்குங்கள்.

இதனால் ஆகாதது

அனுமதித்த டேட்டாபேஸைப் படித்தே தீர வேண்டிய புரோகிராமுக்குள் ஒருவர் புகுந்தால், அந்த டேட்டா போனதுதான். கெர்னலில் உள்ள ஓட்டையையும் இது அடைக்காது. ஆகவே அப்டேட்டும், சர்வருக்கு வெளியே பேக்கப்பும் தனித்தனியாக வேண்டும். உங்கள் சர்வரில் எப்போதோ ஆப்ஆர்மரை நிறுத்திவைத்திருந்தால், இன்று மாலை ஆபீஸ் மூடியதும் அதை மறுபடி இயக்குங்கள்.