ஜாஸும் கானாவும் – காதல் பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஜாஸ் என்றவுடன் கோட்டு சூட்டு, ஓட்டல் மேடை, பியானோ இவைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் நண்பர்களே, அது பிறந்தது நம்ம ஏரியா மாதிரியே ஒரு துறைமுக ஊரில்! அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் ஆட்டம் பாட்டத்துக்கும் வாசித்தார்கள், சாவு ஊர்வலத்துக்கும் வாசித்தார்கள். கொருக்குப்பேட்டையில் கானா பாடுகிற அண்ணன்கள் செய்வதும் இதேதான். ராத்திரி முழுக்கச் சாவு வீட்டில் பாடுவார். அதே வாயால் மறுநாள் காதல் பாட்டும் கட்டுவார்.

தாளத்தைப் பாருங்கள். ஜாஸில் 'ஸ்விங்' என்று ஒன்று உண்டு. ஓர் அடியைச் சரிபாதியாக வெட்டாமல், முன்பாதியை நீட்டிப் பின்பாதியைக் குறுக்குவது. புரியலையா? பெஞ்சில் 'தகிட தகிட' என்று தட்டுங்கள். (லெக்சரர் இல்லாத நேரமாகப் பார்த்து!) இப்போ நடுவில் உள்ள 'கி'யை மட்டும் தட்டாமல் விடுங்கள். 'த...ட, த...ட' என்று நொண்டி நடை வரும். ஏறக்குறைய 2:1 விகிதம். அதுதான் ஸ்விங். வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். கானாவில் பல பாட்டுகள் இந்தத் தகிட நடையில் ஓடுவதால் நம்ம கைக்கு இது புதுசு இல்லை. ஒருத்தர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பதில் பாடுவதும் இரண்டுக்கும் பொது.

இன்னொன்றும் பொது, அது கசப்பானது. ஜாஸ் என்ற பெயரோடு முதல் இசைத்தட்டு வந்தது 1917-இல். வாசித்தது 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் குழு. வளர்த்தவன் ஒருவன், தட்டில் பெயர் இன்னொருவனுக்கு! கானாவும் அப்படித்தான். வாய்க்கு வாய் மாறும்போது கட்டினவன் பெயர் காணாமல் போய்விடும்.

அதனால்தான் 2012-இல் வந்த 'அட்டகத்தி' எனக்கு முக்கியமாகப் படுகிறது. பா. ரஞ்சித் இயக்கம், சந்தோஷ் நாராயணன் இசை. அதில் 'ஆடி போனா ஆவணி' என்ற காதல் பாட்டை எழுதியவரும் பாடியவரும் ஒருவரே: புளியந்தோப்பு கானா பாலா. சட்டம் படித்தவர். மெட்டை விட, எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருப்பதைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன்.

அதே 2012-இல் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. முன்பெல்லாம் ஒரு கையெழுத்தில் எல்லாம் போய்விடும். இப்போது உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது கிடையாது. ரேடியோ, டி.வி., செல்போன் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆயுள் முழுக்க உரிமை, அதன்பின் 60 வருஷம் வாரிசுகளுக்கு.

நம்ம வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் பாட்டுக் கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பாட்டைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுதினவுடனே உரிமை வந்துவிடும். ஆனால் தகராறு என்று வந்தால் ஆதாரம் கேட்பார்கள். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கமானாலும் சரி, தேதி போட்டு எழுதி, பாடியும் பதிந்து வையுங்கப்பா.