கடவுச்சீட்டுப் படமும் கமராவின் ஒளியளவையும்

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு இணையவழியில் விண்ணப்பிப்போர், வீட்டிலேயே எடுத்த டிஜிட்டல் படத்தை அனுப்பலாம். வெளிர்நிறச் சுவரின் முன் எடுக்கும் படங்களில் நம்மவர் பலரின் முகம் இருண்டுபோவதற்குக் கமராவின் கணக்கே காரணம். எதிரேயுள்ள காட்சி 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் நிறம் என்றே ஒளியளவி கருதுகிறது. வெண்சுவர் படத்தின் பெரும்பகுதியை நிரப்பினால், ஒளி மிகுந்துவிட்டதென அது எக்ஸ்போஷரைக் குறைக்கும். சுவர் சாம்பலாகும், கண்களும் தாடையும் நிழலில் மறையும்.

இது சிறு குறையன்று. அரசின் தானியங்கிப் படச் சரிபார்ப்பு, கருநிறப் பெண்களின் படங்களில் 22 சதவீதத்தையும் வெளிர்நிற ஆண்களின் படங்களில் 9 சதவீதத்தையும் குறையுடையவை என்றதாக 2020இல் பிபிசி ஆய்வு காட்டியது. அந்தப் பழுது மென்பொருளினுடையது. ஒளியையேனும் நாம் சரிசெய்யலாம்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை உயர்த்தவும். ஸ்பொட் மீட்டரிங் மூலம் கன்னத்தில் அளப்பதும் நன்றே. ஆயினும் மிகக் கருத்த கன்னத்தையும் கமரா சாம்பலாக்கவே முயலும், ஆகையால் அப்போது சற்றுக் குறைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை நகர்த்தினால் போதும். நெற்றி வெளுத்துத் தோலின் விவரம் அழிந்தால் ஒளி மிகையாயிற்று.

சாளரத்தை நோக்கி, சுவரிலிருந்து விலகி நிற்கவும். படம் குறைந்தது 600 படப்புள்ளி அகலமும் 750 உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். பின்னர் மென்பொருளால் திருத்துவது விதிக்குப் புறம்பானது. சரிபார்ப்பு மறுத்தாலும், காரணம் எழுதி அப்படத்தையே அனுப்ப வழியுண்டு.