சிலையை மேடையேற்றுங்கள்

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம், துணிச்சலான பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி ஆவண நாடகம் போட இருக்கிறது. யாரை எடுக்கலாம்? வசனம் எழுத ஆளில்லையே?
- ஒரு மாணவி, திருவனந்தபுரம்

உங்கள் ஊர் பாளையத்தில் சிலையாக நிற்கும் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையையே எடுங்கள். திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைச் சாடி எழுதியதற்காக, 1910 செப்டம்பர் 26 அன்று அவர் ஆசிரியராக இருந்த 'சுதேசாபிமானி' பத்திரிகையைத் தடைசெய்து, அச்சகத்தைப் பறித்து, அவரை நாடுகடத்தினார்கள். ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிக்கு! தமிழில் நாடகம் தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது?

வசனகர்த்தாவைத் தேடாதீர்கள். ஆவண நாடகத்துக்குக் கற்பனை வசனம் கூடாது, அதுதான் அதன் பலம். அவரே எழுதிய 'என்றெ நாடுகடத்தல்', மனைவி பி. கல்யாணி அம்மாவின் 'வியாழவட்ட ஸ்மரணகள்', அரச ஆணை ஆகியவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து தமிழாக்குங்கள். நடிகர்கள் தாளைக் கையில் வைத்தே படிக்கட்டும். ஆணையை ஒரு சொல்லும் மாற்றாமல், குரல் உயர்த்தாமல் படித்தாலே அரங்கம் உறைந்துவிடும்.

ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம் தந்து, அதற்காக அச்சகத்தையே இழந்தவர் பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் மௌலவி. அவருக்கும் ஒரு காட்சி வேண்டும். ஆனால் அதிக நேரம் கல்யாணி அம்மாவுக்குத்தான். 1916இல் கண்ணூரில் கணவர் தம் 37ஆம் வயதிலேயே இறந்துவிட்டார். மிச்சக் கதையைச் சொல்ல இருந்தவர் அந்த அம்மாதான். அந்தப் பாத்திரத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.