வந்து வந்து போகும் குளிர்: வாகனக் குளிரூட்டியின் பழுதை அறிதல்

2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியசை எட்டியது. அத்தகைய கோடையைக் காணும் மேற்குச் சிட்னியில், கைக்குழந்தையுடனோ முதியவருடனோ பயணம் செய்வோர்க்கு வாகனக் குளிரூட்டி வெறும் ஆடம்பரம் அன்று. அது அடியோடு நின்றுவிட்டால் பழுதைக் கண்டறிவது எளிது. சில வேளை இயங்கிச் சில வேளை ஓய்வதே தொல்லை; பணிமனைக்குக் கொண்டுசென்ற அன்று பார்த்து அது நன்றாகவே குளிர்விக்கும். வாயுவை நிரப்பிக் கட்டணம் செலுத்தித் திரும்பிய சில வாரங்களில் பழைய நிலை மீளும்.

ஆகவே, குளிர் எப்போது போகிறது, எப்போது மீள்கிறது என்பதைத் தாளில் குறித்துவைப்பதே முதற்பணி.

ஓடும்போது குளிர்ந்து, சமிக்ஞை விளக்கில் நிற்கையில் சூடான காற்று வந்தால், முன்புறத்திலுள்ள கண்டென்சரின் மின்விசிறியை முதலில் ஐயுறலாம். எஞ்சினும் குளிரூட்டியும் இயங்கும்போது அது சுழல்கிறதா எனத் திறந்த வெளியில், கையை நீட்டாமல் பார்க்க வேண்டும். நின்றிருக்கும் விசிறி திடீரெனச் சுழலத் தொடங்கும். வெப்பமானியின் முள்ளும் உடன் ஏறினால் ஆய்வு வேண்டா. பாதுகாப்பான இடத்தில் எஞ்சினை நிறுத்துவதே முறை.

நெடும்பயணத்தில் வீசும் காற்றே மெல்லக் குறைந்து, சிறிது நேரம் குளிரூட்டியை அணைத்துவைத்தபின் மீள்வது வேறு வகை. டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைத்திருக்கக்கூடும். வெப்ப உணரியின் கோளாறு, வாயுக் குறைவு, தூசி அடைந்த காற்று வடிகட்டி ஆகியன இதற்குக் காரணமாகலாம். வடிகட்டியைப் பல வாகனங்களில் உரிமையாளரே மாற்றிவிடலாம்.

காற்றின் வேகம் குறையாமல் குளிர் மட்டும் போனால், கம்பிரசரின் கிளச்சைச் சோதிக்கச் சொல்லலாம். தேய்ந்த கிளச், சூடேறியதும் பிடி தளர்ந்து, ஆறியபின் மீண்டும் பற்றும். ஒரு பக்கம் மட்டும் சூடாக வீசி, டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என ஒலி கேட்டால், காற்றைப் பிரிக்கும் கதவின் சிறு மோட்டாரே பெரும்பாலும் பழுது.

குளிரூட்டி வாயு எரிபொருளைப்போல் செலவாவதன்று. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு; எனவே நிரப்புமுன் கசிவுச் சோதனையைக் கேட்டுப்பெற வேண்டும். வாகனத்தின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவதோ இயல்பானதே. ஆஸ்திரேலியாவில் இவ்வாயுவைக் கையாள்வோர் உரிமம் பெற்றிருத்தல் சட்டப்படி கட்டாயம். அதைக் காட்டுமாறு வாடிக்கையாளர் தயங்காமல் கேட்கலாம்.