காற்றாலையும் மின்சாரத்தின் உறுதியும்

சென்னைக் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் சுழலும் மின்விசிறியும், சிற்றூர்க் கிணற்றில் நீரிறைக்கும் மோட்டாரும், கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் சுழலும் காற்றாலையும் ஒரே மின் தொகுப்பில் பிணைந்தவை. ஆகவே காற்றாலைகள் பெருகுவதன் விளைவை நாம் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. இன்று தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் அதிகம். ஆரல்வாய்மொழி, பாலக்காடு முதலிய கணவாய்களின் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே இதற்கு மூலதனம்.

நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் என்னும் அளவில் இயங்க வேண்டும். அனல் நிலையங்களில் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் கனத்த யந்திரங்கள் இவ்வளவைக் காக்கின்றன. குயவர் கோலை எடுத்த பின்னும் சக்கரம் சுழல்வதைப் பார்த்திருக்கிறோம். அவ்வாறே, எங்கேனும் ஒரு நிலையம் திடீரென நின்றால், ஏனைய யந்திரங்களின் கனமே சில நொடிகள் பாரத்தைத் தாங்குகிறது. அதற்குள் பிற நிலையங்களில் நீராவியும் நீரும் கூடுதலாகத் திறந்துவிடப்படும்.

புதுவகைக் காற்றாலைகள் மின்னணுக் கருவிகள் வழியே இணைக்கப்படுவதால், தனி ஏற்பாடு இல்லாவிடில், இத்தாங்குதலைத் தருவதில்லை. காற்று மிகும்போது அனல் நிலையங்கள் சில நிறுத்தப்படுகின்றன; தாங்கும் கனமும் குறைகிறது. எஞ்சியவற்றிலோ உற்பத்தியை அடிக்கடி ஏற்றியிறக்க நேரிடுவதால் கொதிகலன் குழாய்கள் விரைவில் பழுதுறுகின்றன. அலைவு மிகவும் தாழ்ந்தால், தொகுப்பு முழுவதையும் காக்கும் பொருட்டுச் சில பகுதிகளின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். அப்போது பயிருக்கு நீர் பாயாது.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலால் மின்கம்பிகள் அறுந்தன. காற்றாலைகள் பல தம் பாதுகாப்பு அமைப்பினால் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. பின்னர் அங்கு, எரிபொருளின்றிச் சுழன்று உறுதி தரும் பெரும் யந்திரங்கள் நான்கு நிறுவப்பட்டன.

நமக்கும் வழிகள் உண்டு. மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றித் தேவைப்படும்போது இறக்கும் நிலையம் கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் உள்ளது. அதன் திறன் 400 மெகாவாட். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் பெருந்தொகுப்புடன் இணைந்ததால், பிற மாநில யந்திரங்களின் துணையும் கிட்டியுள்ளது. காற்றின் வரவை முன்கூட்டிக் கணித்தலும், மின்கலச் சேமிப்பும் இவற்றோடு வளர வேண்டும்.

காற்று, நிலக்கரியை மிச்சப்படுத்தும் செல்வம். அதனை வரவேற்கும் நாம், அதைத் தாங்கும் உறுதியையும் உடன் வளர்ப்போமாக.