பதுளை மரங்களுக்கு ஒரு பதிவேடு

மலைநாட்டு ரயில் பாதை 1924இல் பதுளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. மரம் தேடி நடக்க நினைப்பவர்கள் அந்த ஸ்டேஷனிலிருந்தே புறப்படலாம். ஊவாத் தோட்டங்களைப் பற்றி எழுதி வைக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஏக்கர் கணக்கும் இறாத்தல் கணக்கும்தான். எந்த மலையில் எந்த ஆண்டு தேயிலை நட்டார்கள் என்று ஆபீஸ் புத்தகம் சொல்லும். லயத்துக்குப் பின்னால் நிற்கிற பலாவை யார் நட்டது என்று சொல்லாது. அதைக் கேட்டு, அளந்து, எழுதி வைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். நான்கைந்து பேர் சேர்ந்தால் பள்ளி விடுமுறைக்குள் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம்.

முதலில் காலம். ஊவாவுக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அப்போது வழுக்கும், அட்டை ஏறும், மண்ணும் சரியும். பெப்ரவரி, மார்ச் நல்லது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். தேயிலைக்கு ஊவா வாசம் ஏறும் பருவம் அது. நடக்க வசதிதான், ஆனால் காற்றில் கிளை முறியும் என்பதால் பெரிய மரத்தடியில் நிற்கும்போது கவனம் வேண்டும். ஒரே மரத்தை இரண்டு பருவத்தில் பார்ப்பது நல்லது. பூவும் காயும் இல்லாமல் இலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது பல மரங்களில் ஊகமாகவே முடியும்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான்: கெட்டி அட்டைக் கொப்பி, பென்சில் (பேனா மை மழையில் ஓடிவிடும்), கைபேசி, நீள டேப். தையல்காரர் டேப் ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிடும். ஆலமரத்துக்கு அது எந்த மூலைக்கு? நீள டேப் இல்லாவிட்டால் நைலோன் கயிற்றைச் சுற்றி, குறி வைத்து, பிறகு தரையில் விரித்து அளக்கலாம். அட்டைக்கு உப்பு முடிந்த துணி ஒன்று போதும்.

டவுனிலிருந்து தொடங்கினால் கை பழகும். ஸ்டேஷன் வளவு, புனித மாற்கு தேவாலயம், முத்தியங்கனை விகாரை, கச்சேரிப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றலாம். புனித மாற்கு தேவாலயம், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேலான யானைகளைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர் அவர். யானைகளின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, அதே மலைகளில் வெட்டப்பட்ட மரங்களின் கணக்கு எங்கும் இல்லை. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1886இல் பதுளையில் ஒரு கிளைத் தோட்டம் திறந்தது. ஆகவே டவுனில் இந்த மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு மரம் ஒன்றைக் கண்டால் யாரோ விதை வாங்கி வந்து நட்டிருப்பார்கள் என்று தள்ளிவிடாமல் தனியாகக் குறியுங்கள்.

விகாரையில் வெள்ளரசைச் சுற்றி டேப் பிடிக்காதீர்கள். அது வழிபாட்டுக்குரியது. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்குள்ள தேரரிடம் கேட்டு, அனுமதித்த இடத்திலிருந்து படம் எடுத்தால் போதும். மரத்தின் வரலாறு அவர்களிடமே இருக்கும். நீங்கள் போய் அளந்துதான் அது பெரிய மரமாக வேண்டும் என்பதில்லை.

தோட்டத்துக்குள் போவது வேறு கதை. பாதை பொதுப் பாதைபோலத் தெரிந்தாலும் தேயிலைக்குள் கால் வைத்தால் அது கம்பனி நிலம். ஆபீசில் சொல்லுங்கள், கூடவே தோட்டத் தலைவரிடமும், கோயில் மரம் என்றால் கோயில் கமிட்டியிடமும் சொல்லுங்கள். ஆபீசுக்குப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. சுவரில் தோட்ட வரைபடம் மாட்டியிருக்கும், அதில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் இருக்கும். அந்த நம்பரைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், ஊர்ப்பெயரைவிட அது துல்லியம். மருந்தடிக்கிற நாள் எது என்றும் அங்கேயே கேட்டுவிட்டால், அந்த மலைப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

பெரிய மரத்தை நெருங்குமுன் அண்ணாந்து பாருங்கள். தோட்டங்களில் குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அநேகமாக மரத்தைக் கவனிக்காதவர்கள் அல்ல, வேறு வழியில்லாமல் அதன் கீழே கொழுந்து எடுத்தவர்கள். நமக்கு வழி இருக்கிறது. கிளையில் கறுப்பாக, பலகைபோல ஏதாவது தொங்கினால் தூரத்திலிருந்து ஒரு படம், குறிப்பில் ‘கூடு உண்டு’, அவ்வளவோடு விட்டுவிடுங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள், புகை போடாதீர்கள்.

இனி அளப்பது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளப்பதுதான் பல நாடுகளில் வழக்கம். ஊவாவில் சமதரை எங்கே இருக்கிறது? சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர் எடுங்கள், எல்லா மரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். பலகை வேர் இருந்தால் அது முடிகிற இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஆலுக்கு நடு மரம் தனி, விழுது தனி. சென்னை அடையாற்று ஆலமரத்தின் நடு மரம் 1989இல் சாய்ந்துவிட்டது, மரம் விழுதுகளால் இன்னும் நிற்கிறது. ‘சுற்றளவு’ என்று ஒரே எண் போட்டிருந்தால் அந்த மரத்தைப் பற்றி ஒன்றுமே விளங்காது.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே அவ்வளவு நீளம் நிற்கும்படி குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கைப்பிடி மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் நுனியோடும் பொருந்தும்வரை பின்னால் நகருங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ நகர்ந்தால் கணக்குப் பிழைக்கும். சரிவுக்குக் குறுக்காக, மரத்தடிக்கு ஒத்த மட்டத்தில் நகர வேண்டும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கும் மரத்தை நம் ஆட்கள் சவுக்கு என்பார்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சவுக்கு என்றால் கடற்கரை மணலில் நிற்கிற வேறு மரம். ஆகவே தோட்டத்தில் சொல்கிற பெயரை முதலில் எழுதுங்கள், பக்கத்தில் ‘கிரேவில்லியா ரோபஸ்டா’ என்று தாவரவியல் பெயரைச் சேருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலி சொல்கிற பெயரை அப்படியே நம்பாமல், இலை, பட்டை, பூ, காய் நான்கையும் தனித்தனியாகப் படமெடுத்துப் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். சந்தேகம் தீராவிட்டால் பேராதனையில் தேசிய தாவர மாதிரியகம் இருக்கிறது.

எதைப் பதிவது? பெரிய மரத்தை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். எல்லை ஓடையில் கவ்வாத்து வெட்டாமல் விடப்பட்ட தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும். இடுப்பளவுச் செடியாகவே அதைப் பார்த்தவர்களுக்கு முதலில் அடையாளம் தெரியாது: ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய இலை, நடுவில் மஞ்சள் குஞ்சமுள்ள வெள்ளைப் பூ, மூன்று பிரிவாகப் புடைத்த காய். மடுல்சீமைப் பக்கம் போனால் ஓடைக்கரையில் காட்டுக் கோப்பியைத் தேடுங்கள். இலங்கையின் கோப்பியை அழித்த இலைத் துரு நோய் 1869இல் முதலில் தென்பட்டது அந்த மடுல்சீமையில்தான். பிறகு சாமி மரங்கள். ஸ்டோர்ப் பக்கத்து ரோதமுனி, மலைக்குள் கவ்வாத்துச்சாமி, முனியாண்டி எல்லாம் பெரும்பாலும் ஒரு மரத்தடியும் சூலமும்தான். படமெடுக்குமுன் பூசாரியைக் கேளுங்கள். எந்த மாதம் பொங்கல் வைப்பார்கள், யார் வைப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். கொழுந்து மடுவத்து மரமும் பிள்ளைக் காம்பரா வாசல் மரமும் இந்தக் கணக்கில் சேரும்.

வயதைப் பற்றி யாரையும் நேராகக் கேட்காதீர்கள்; ‘முந்நூறு வருசம்’ என்ற பதில்தான் வரும். “அம்மாயி, நீங்க பேர் பதிஞ்சப்ப இந்த மரம் எம்புட்டு உயரம் இருந்திச்சு?” என்று கேளுங்கள். “லயத்துக் கூரைக்கு இருந்திச்சு” என்று வந்தால், அவர் பேர் பதிந்த ஆண்டை வைத்து மீதியை நீங்கள் கணக்குப் போடலாம். சுற்றளவை வைத்து வயது சொல்லும் சூத்திரங்கள் இந்த மலைக்குப் பொருந்தாது. பக்கத்திலுள்ள லயம், ஸ்டோர், பாலம் கட்டிய ஆண்டு தெரிந்தால் அதை ஓர் எல்லையாக எழுதுங்கள். கொழுந்து எடுக்கிறவர்களை வேலை நேரத்தில் நிறுத்திப் பேசாதீர்கள், அவர்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போங்கள். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மரத்தின் படத்தை அனுப்பினால் இங்கே இருப்பவர்கள் மறந்ததும் வந்து சேரும்.

ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கலாம்:

‘பலா. 7ஆம் நம்பர் மலை அடி, மேல் லயத்துக்குப் பின்னால், பீலியிலிருந்து இருபது எட்டு. சுற்றளவு 2.4 மீட்டர், மேட்டுப் பக்கம் அளந்தது. தெற்குக் கிளை முறிந்திருக்கிறது. உடுப்புக் காயப்போடும் கம்பி மரத்துக்குள் புதைந்துவிட்டது. நட்டது இதே லயத்தில் இருந்த குடும்பம்; அவர்கள் இப்போது இங்கே இல்லை. காய் எல்லோருக்கும் பொது.’

கைபேசி காட்டும் புள்ளி பள்ளத்தாக்கில் பத்திருபது மீட்டர் நகர்ந்து விழும். அதனால்தான் பீலியும் எட்டுக் கணக்கும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தனமும் வல்லப்பட்டையும் கண்டால் இடத்தைப் பொதுவில் போடவே கூடாது. வெட்டிக் கடத்துகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட இடங்களிலிருந்து மற்றத் தோட்டங்களிலும் குடும்பங்கள் புது வீடுகளுக்கு மாறுகின்றன. லயம் உடைபட்ட பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது முற்றத்து மரம்தான். ஆகவே மாறப்போகிற லயங்களை முதலில் எடுங்கள். வாசலில் நிற்கிற கொய்யா ஒன்றானாலும் பரவாயில்லை. பலாவும் ஈரப்பலாவும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. அளவும் படமும் திகதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

முடிந்த கொப்பியை மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி தோட்டப் பள்ளிக்கூட நூலகத்துக்கு, ஒன்று கோயில் கமிட்டிக்கு, ஸ்கேன் செய்தது நூலகம் நிறுவனத்துக்கு. மலையக ஆவணங்களை அவர்கள் சேர்த்து வருகிறார்கள். பெயர் சொன்ன பெரியவர்களிடம் பதிவை வாசித்துக் காட்டிவிட்டே கொடுங்கள், பெயர் போட வேண்டாம் என்பவர்களின் பெயரை எடுத்துவிடுங்கள். வருடம் ஒருமுறை, தை மழை ஓய்ந்ததும், அதே வழியில் போய் விழுந்த மரத்துக்கு நேரே திகதியும் விழுந்த காரணமும் எழுதுங்கள்: காற்று, மண்சரிவு, வாள்.