அடி விழுந்த இடம்



மிருதங்கம் பதிவான ட்ராக்கை லாஜிக் புரோவில் திறந்து, அடிகளின் காலத்தை மாற்ற உதவும் ஃப்ளெக்ஸைப் போட்டதும், ஒவ்வொரு அடிக்கும் மென்பொருள் ஒரு செங்குத்துக் கோடு கிழித்து வைத்திருக்கும். டிரான்சியன்ட் மார்க்கர் என்கிறோமே, அதுதான். தாளம் காட்டும் க்ளிக்கோடு ஒப்பிட்டால் சில கோடுகள் முன்னே நிற்கும், சில பின்னே. குவான்டைஸை அழுத்தி எல்லாவற்றையும் வரிசைக்குக் கொண்டுவந்துவிடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறு. அடி இங்கேதான் விழுந்திருக்கும் என்று இயந்திரம் கணித்த இடம்தான் அந்தக் கோடு. அந்தக் கணிப்பைச் சரிபார்க்காமல் அடியை நகர்த்தினால், சரியாக வாசித்தவரின் கணக்கை நீயே கெடுத்தவனாவாய். முதலில் கோட்டைத் திருத்து. ஒலியைத் தொடுவது அதற்கப்புறம்.

இந்தக் கணிப்பு எப்படித் தவறுகிறது என்று பார். ஒலியின் பலமோ அதன் சுரக்கூறுகளோ திடீரென்று மாறுகிற இடத்தைத்தான் இத்தகைய மென்பொருள்கள் அடியின் தொடக்கமாகக் கொள்கின்றன. மாற்றத்தை அளக்க ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற பதிவில் 1024 சாம்பிள் கொண்ட ஒரு துண்டு சுமார் 23 மில்லி விநாடி. வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் மீட்டு கூர்மையானது, அதைப் பிடிப்பது எளிது. இடப்பக்கத் தோலான தொப்பியின் கதை வேறு. 80 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும் ஒரு ‘தொம்’ ஒரே ஒரு சுற்று அதிரவே 12.5 மில்லி விநாடி ஆகும். அதன் பலம் மெல்ல ஏறுவதால் கோடு பிந்தி விழ வாய்ப்பு அதிகம். கும்கி இன்னும் சிக்கல். தொப்பியை அழுத்திச் சுருதியை மேலே இழுக்கும்போது புதிதாக எந்த அடியும் விழுவதில்லை, ஒலி மட்டும் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றத்தை அடி என்று நம்பி, இழுப்பின் நடுவிலேயே ஒரு கோடு முளைக்கும். வேகமாக வாசிக்கும் ஃபரனில் நெருங்கி விழும் மெல்லிய சொற்களோ, அதாவது அடிகளோ, கோடே இல்லாமல் போய்விடும்.

பிழை இயந்திரத்தின் பக்கமா, வாசித்தவர் பக்கமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிழைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவற்றின் போக்கைப் பார். வலந்தலைச் சொற்கள் அத்தனையும் சீராக இருக்க, தொப்பி அடிகள் மட்டும் ஒரே அளவில், பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி பிந்தித் தெரிந்தால், கோட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாசிப்பவரின் தடுமாற்றம் இடத்துக்கு இடம் மாறும். இப்படி ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருவது அரிது. சந்தேகம் வந்ததும் ஆடியோ ஃபைல் எடிட்டரைத் திற, டிரான்சியன்ட் எடிட்டிங் முறைக்குப் போ, அலையைப் பெரிதாக்கிப் பார். அலையின் உச்சி உன்னை ஏமாற்றும். அமைதியிலிருந்து அலை முதன்முதலாகக் கிளம்புகிற இடத்துக்குக் கோட்டை இழுத்து வை. அந்த இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு மயிரிழை முன்னே வைப்பது மேல். கோடு பிந்தினால், ஸ்லைசிங் முறையில் வெட்டும்போது அடியின் தலை முந்தைய துண்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். பிறகு கேட்கும் ‘நம்’ என்ற சொல்லில் விரல் பட்ட கூர்மை இருக்காது, அதற்குச் சற்று முன்னால் அனாதையாக ஒரு ‘டிக்’ மட்டும் கேட்கும்.

கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் குறைக்க அங்கே பொத்தான்கள் இருக்கின்றனவே, கையால் ஏன் மாரடிக்க வேண்டும் என்று கேட்பாய். அவை பதிவு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைக்கின்றன. ஃபரனில் விட்டுப்போனதைப் பிடிக்கக் கூட்டினால் கும்கியில் போலிக் கோடுகள் பெருகும். அவற்றை ஒழிக்கக் குறைத்தால் மெல்லிய சொற்கள் மறையும். போலிக் கோடு சும்மா கிடக்கும் என்றும் நினைக்காதே. கரணை என்ற கரும்பசை இட்ட தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதை சி. வி. ராமன் 1920லேயே எடுத்துக் காட்டினார். மிருதங்கத்தின் கார்வை தம்பூராவோடு சேர்ந்து ஒலிப்பது அதனால்தான். அந்தக் கார்வையின் நடுவில் ஒரு கோடு நின்று, அங்கே வெட்டோ இழுப்போ விழுந்தால், சுருதி சேர்ந்த நாதம் உடைந்துபோகும்.

பத்து மில்லி விநாடியை யார் கேட்கப்போகிறார்கள் என்பது கனமான கேள்வி. இரண்டு ஒலிகளில் எது முதலில் வந்தது என்று சொல்ல ஏறத்தாழ 20 மில்லி விநாடி இடைவெளி வேண்டும் என்று செவிப்புலன் ஆய்வாளர் ஐரா ஹிர்ஷ் 1959இல் காட்டினார். ஆனால் ஒலிகள் ஒன்றல்ல, இரண்டு என்று உணர ஏறக்குறைய 2 மில்லி விநாடியே போதும் என்பதும் அந்த ஆய்வில்தான் இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மைக் வைப்போம், ஒரே அடி இரண்டிலும் பதியும். ஒன்றின் கோட்டை மட்டும் நம்பி அதை 1 மில்லி விநாடி நகர்த்தினால், இரண்டையும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பகுதிகளில் ஒலி ஒன்றையொன்று தின்னும். கேட்பவருக்குக் காலப்பிழை தெரியாது. மிருதங்கம் ஏன் இப்படித் தகரம்போல ஒலிக்கிறது என்றுதான் தோன்றும்.

நேரம் இல்லை என்பாய். அது நியாயம்தான், ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கில் அடிகள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. நீ நகர்த்தப்போகும் அடிகளைப் பார். சமம், எடுப்பு, கோர்வை வந்து விழும் இடம் ஆகியவற்றைக் கட்டாயம் பார். க்ளிக்கிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்பவற்றையும் பார், கோடு பிசகியிருக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். இரண்டு மைக் ட்ராக்குகளையும் ஒரே குழுவாகப் பூட்டி, வலந்தலை ட்ராக்கின் கோடுகளை மட்டும் குவான்டைஸ் பின்பற்றும்படி அதை க்யூ-ரெஃபரன்ஸாக வை. இன்னொன்று: அடியை நகர்த்த வைக்கும் ஃப்ளெக்ஸ் மார்க்கர், ட்ராக்கில் நீ வைத்திருக்கும் அந்தந்த ரீஜனுக்கு உரியது, டிரான்சியன்ட் மார்க்கரோ ஆடியோ ஃபைலுக்கே உரியது. ஒருமுறை திருத்தினால் அந்த ஃபைலைப் பயன்படுத்தும் எல்லா இடத்துக்கும் அந்தத் திருத்தம் போய்ச்சேரும், உன் கைப்பிழையும் அப்படியே போய்ச்சேரும். ஆகவே தொடங்குமுன் ஃபைலை ஒரு பிரதி எடுத்துவை.